இசக்கியைக் கொல்லத் தெரியாதவன்

திருவள்ளூரில் அந்தக் கல்லூரி வாசலுக்கு எதிரே கரும்புச் சாறு வண்டி ஒன்று நின்றது. அதன் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா மேல் நான் உட்கார்ந்திருந்தேன். இடது காலில் கட்டு. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. கரும்புச் சக்கையில் ஈ மொய்த்தது. கட்டிலிருந்து மருந்து வாசனை வந்ததால் பாதி ஈ என்னிடமும் வந்தது.

மணி அடித்ததும் பரீட்சை எழுதியவர்கள் வெளியே வந்தார்கள். தபாலில் பி.ஏ. படிக்கிறவர்கள். தலை நரைத்த கண்டக்டர் ஒருவர், கைக்குழந்தையைத் தங்கையிடமிருந்து வாங்கிக்கொண்ட அம்மா ஒருத்தி, தொப்பை விழுந்த போலீஸ்காரர் ஒருவர். எல்லோர் முகத்திலும் ஒரே கேள்விதான்: இதெல்லாம் நமக்கு எதற்கு?

கடைசியாக என் அறைத்தோழன் தனசேகர் வந்தான். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா.

"எப்டிடா எழுதன?"

இரண்டு சாறு வாங்கினான். என்னுடையதைக் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்வேன். திட்டக் கூடாது மாமே."

"கேட்டாதான் திட்டலாமா வேணாமான்னு தெரியும்."

"அப்ப பஸ்ல சொல்றேன்."

அந்த ஒன்றைச் சொல்வதற்கு முன் ஒரு நாவலைத் திட்ட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒரு டிகிரி

இந்தத் தொடரில் என்னை ஏழெட்டு ஊர்களில் ஏழெட்டு வேலைகளில் பார்த்துவிட்டீர்கள். இது கும்மிடிப்பூண்டியில், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் கூலியாக இருந்த காலம். தனசேகரும் அங்கேதான். நான் வந்து சில மாதம். அவன் வந்து பல வருடம். இருவருமே கான்ட்ராக்ட். ஆலைக்குள் இருந்தாலும் ஆலையின் ஆள் இல்லை.

அவன் பள்ளிப்பட்டுப் பக்கம். மனைவி அமுலுவும் மகளும் அங்கே அவனுடைய நைனா வீட்டில் இருந்தார்கள். நைனா என்றால் அப்பா. ஆந்திர எல்லையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமனார் வீட்டில் அமுலு படும் பாடு தினமும் போனில் வரும். தனசேகர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். அவனுக்கு அதில் வெட்கம் கிடையாது.

சூப்பர்வைசர் ஆகிவிட்டால் நிரந்தர வேலை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்து அமுலுவையும் பெண்ணையும் கூட்டி வந்துவிடலாம். அவன் கேட்டது அவ்வளவுதான். ஆனால் சூப்பர்வைசருக்கு டிகிரி வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

"இன்னா டிகிரி சார்?" என்று கேட்டிருக்கிறான்.

"ஏதாவது ஒண்ணு."

சிவக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து பாம்பு மாதிரி எகிறும்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வேலை அது. அதற்கு ஏதாவது ஒரு டிகிரி. தாவரவியல் படித்தவனும் வரலாம், பொருளாதாரம் படித்தவனும் வரலாம். தனசேகர் தமிழை எடுத்தான். தமிழ்தானே, பேசுகிறோமே என்று நினைத்தான். அந்த ஆலையில் தமிழ் எடுத்த எல்லோரும் அப்படி நினைத்துத்தான் எடுத்தார்கள். எல்லோருக்கும் அரியர் இருந்தது.

இவனுக்கு மிச்சம் இருந்தது ஒரே தாள். புனைகதை. அதில் ஒரு நாவல்.

நான் படித்தது

அந்த நேரம் பார்த்து என் ஷூவுக்குள் நெருப்புச் செதில் ஒன்று விழுந்தது. இரும்பு உருளும்போது மேல் தோல் உரிந்து பறக்கும், அது. கழற்றுவதற்குள் பாதம் வெந்துவிட்டது. கான்ட்ராக்டர் ஒரு டியூப் களிம்பு கொடுத்து, நடக்க முடிந்ததும் வா என்றார். நல்ல மனிதர். சிலர் களிம்பும் கொடுப்பதில்லை.

ஆக நான் அறையில் படுத்திருந்தேன். தகரக் கூரை. பக்கத்து அறையில் ஒடிசாப் பையன்கள் காலையிலேயே கடுகெண்ணெய் காய்ச்சுவார்கள். அந்த நெடியில் கண் எரியும். கையில் வேறு எதுவும் இல்லாததால் தனசேகரின் நாவலை எடுத்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஆனால் ஓடிய இடத்திலெல்லாம் ஏதாவது படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மாமே, நீ சும்மாதான கீற? படிச்சிட்டு எனக்குக் கதையா சொல்லிடு. எனக்கு புக்க பிரிச்சாலே தூக்கம் இஸ்துகினு போவுது" என்றான்.

சரி என்றேன்.

வாயில் நுழையாத பெயர்

மாலையில் ஷிப்ட் முடித்து வந்து அவன் வெங்காயம் நறுக்குவான். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு கதை சொல்வேன். முதல் நாளே தகராறு.

"ரெண்டு பசங்க. சின்ன வயசுலேர்ந்து ஃப்ரெண்டு. ஒருத்தன் பேரு நம்பி. இன்னொருத்தன் இசக்கி."

"இசக்கியா? பொண்ணா?"

"பையன்டா."

"பையனுக்கு இன்னா பேரு இது?"

"அந்த ஊர்ல அப்டித்தான் வெப்பாங்க."

"எந்த ஊரு?"

"திருநெல்வேலிப் பக்கம்."

கத்தியைக் கீழே வைத்தான். "அங்க குந்திக்கினு ஒருத்தன் எழுதுவான், நான் இங்க பாஸ் ஆவணுமா? நம்ம ஊர்ல ஃப்ரெண்டே இல்லியா?"

மறுநாள் கேட்டால் பெயர் மறந்திருக்கும். எசக்கி என்பான், ஈசாக்கு என்பான். நம்பியைத் தம்பி ஆக்கிவிட்டான். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பேஜாரு பண்ணாத. அந்த நல்ல பையன் நீ. அவன் பேரு தனசேகர். கெட்ட பையன் நான். அவன் பேரு முனுசாமி. ஆறு நம்ம ஆரணி ஆறு. கேக்கறியா?"

"ஆங், இப்ப சொல்லு. நல்லா கீது."

அதன் பிறகு கதை ஓடியது. திருநெல்வேலியில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த இசக்கியின் அப்பா, பெரியபாளையத்துச் செங்கல் சூளைக்கு வந்து சேர்ந்தார். நம்பியின் அப்பா நாவலில் தமிழாசிரியர். அவரைத் தனசேகரின் நைனாவாக மாற்றினேன். உடனே அவன், "எங்க நைனாவா? அவரு கைநாட்டுடா" என்றான். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பரீட்சை வரைக்கும் அவரைப் படிக்க வைத்தேன்.

நம்பியும் இசக்கியும்

நாவல் இதுதான். நம்பி அமைதியானவன், படிப்பாளி, பயந்தவன். இசக்கி அடங்காதவன். நம்பிக்கு நீச்சல் கற்றுத் தருகிறான், பீடி கற்றுத் தருகிறான், நம்பி உடைத்த கண்ணாடிக்குத் தான் அடி வாங்கிக்கொள்கிறான். கடைசியில் நம்பி பரீட்சைக்குப் போகிற அன்று ஆற்றில் வெள்ளம். பரிசல் ஆடுகிறது. நம்பியின் பை தண்ணீரில் விழுகிறது. அதற்குள் ஹால் டிக்கெட். இசக்கி குதிக்கிறான். பை கிடைக்கிறது. இசக்கி கிடைக்கவில்லை. நம்பி கரையில் நின்று அழுகிறான். அன்றோடு அவன் பையன் இல்லையாம், ஆள் ஆகிவிட்டானாம். ரயிலேறிப் போய்க் கல்லூரியில் சேர்கிறான்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கால் எரிச்சல் மறந்துபோனது.

நாவல் முழுக்க நம்பி என்ன நினைக்கிறான் என்று பக்கம் பக்கமாக வருகிறது. மழை பெய்தால் நினைக்கிறான், ரயில் கூவினால் நினைக்கிறான். இசக்கி ஒரு வரி கூட நினைப்பதில்லை. சிரித்துக்கொண்டே இருக்கிறான். பசித்தாலும் சிரிப்பு, அடி வாங்கினாலும் சிரிப்பு. நான் செங்கல் சூளையில் இருந்திருக்கிறேன். அங்கே யாரும் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

நம்பியின் வீட்டுக் கொல்லைக் கதவு எப்படிக் கிறீச்சிடும் என்று இசக்கிக்குத் தெரியும். இசக்கியின் வீட்டுக்கு நம்பி ஒரு தடவையும் போகவில்லை. போனால் எழுதுகிறவருக்கு அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டி வந்திருக்கும். அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

இசக்கிக்கு என்று ஓர் ஆசையும் கிடையாது. ஒரு சட்டை, ஒரு பெண், ஒரு சைக்கிள், எதுவுமில்லை. வயலுக்கு எரு அடிக்கிற மாதிரி நம்பி வளர்வதற்காக அவனைப் பாதியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். எல்லா நாவலிலும் இப்படி ஒரு நண்பன் இருக்கிறான். நான் ஊர் ஊராகப் படித்ததில் எத்தனையோ பேர் இப்படிச் செத்துப் பார்த்துவிட்டேன். படிக்கிற பையன் செத்து, மற்றவன் வளர்ந்தான் என்று ஒரு நாவலும் கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் தனசேகரிடம் கத்தினேன். அவன் நிதானமாக ரசத்துக்குப் புளி கரைத்தான்.

"நம்பி இன்னா தப்பு பண்ணான்? அவன் குதின்னு சொன்னானா?"

"சொல்லல. ஆனா குதிக்காதடான்னு சொன்னானா?"

"அதுக்குள்ள அவன் குதிச்சிட்டான். எப்டி சொல்வான்?"

"நீ நம்பிக்கே வக்கீலா இரு."

"நான்தான நம்பி? நீதான சொன்ன?" சிரித்தான். பிறகு, "நீ எனக்கோசரம் குதிப்பியா மாமே?" என்று கேட்டான்.

"ஹால் டிக்கெட்டுக்கா? இன்னொண்ணு பிரின்ட் எடுத்துக்கோடா."

"அதான் பாத்தேன். நீ எங்க இசக்கி?"

உண்மைதான். நான் யாருக்காகவும் எதிலும் குதித்தவன் இல்லை. ஆரணி ஆற்றில் வருடத்தில் பாதி நாள் குதிப்பதற்குத் தண்ணீரும் கிடையாது.

பாதி மார்க்

பரீட்சைக்கு முன்னால் திருவள்ளூரில் கான்டாக்ட் கிளாஸ் நடந்தது. தனசேகர் ஒரு நாள் லீவு போட்டுப் போனான். வாத்தியார் வந்து, இரு நண்பர்களையும் ஒப்பிடுக என்ற கேள்வி தவறாமல் வரும் என்று சொல்லி, பதிலையும் சொல்லிவிட்டார். குணம், குடும்பச் சூழல், கல்வி, நட்பு, கடைசியாக நண்பனின் மரணமும் நாயகனின் முதிர்ச்சியும். உட்தலைப்பைப் பச்சையில் எழுது, மேற்கோளை நீலத்தில் எழுது, கறுப்பில் பதில் எழுது. மரணம்தான் முக்கியம், பாதி மார்க் அங்கேதான். இரண்டு பக்கம் எழுதவில்லை என்றால் பாஸ் கிடையாது என்றாராம்.

"இசக்கி வீட்டுக்கு நம்பி ஏன் போவலன்னு கேட்டியாடா?"

"கேட்டேன். சிலபஸ்ல இல்லைன்னாரு."

அந்த வாத்தியாரும் நாவலைப் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். படித்தவருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

பெரியபாளையம் வரை

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். திருவள்ளூரில் பஸ் ஏறினோம். ஆடி ஞாயிறு என்பதால் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். வேப்பிலை, மஞ்சள், மடியில் மொட்டைக் குழந்தைகள். என் கட்டுக் காலை யாராவது மிதித்துவிடாமல் தனசேகர் குறுக்கே நின்றான். வழியில் வடமதுரைக்கு முன்னாலேயே பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. அப்போதுதான் சொன்னான்.

"பேரு மறந்துட்டேன் மாமே."

"எந்தப் பேரு?"

"ரெண்டும்தான். கேள்வித்தாள்ல 'இரு நண்பர்கள்'னு மட்டும் போட்டிருந்தான். பேரு போடல. எவ்ளோ யோசிச்சும் வர்ல. உன் பேரு, என் பேரு போட்டு எழுதிட்டேன்."

"தனசேகர், முனுசாமின்னா?"

"ஆரணி ஆறுன்னும் எழுதிட்டேன்."

பக்கத்தில் வேப்பிலைக் கட்டோடு நின்ற அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "போவட்டும். எவன் படிக்கிறான்? பச்சை இங்க்ல தலைப்பு இருந்தா போட்டுடுவான். சாவு ரெண்டு பக்கம் எழுதன இல்ல?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

"எழுதல."

"இன்னாது?"

"முனுசாமி ஆத்துல குதிச்சான்னு எழுதனேன். அடுத்தது 'இறந்தான்'னு எழுதணும். கை வர்ல. நீ வெளிய டப்பா மேல குந்திக்கினு கீற, ஜன்னல் வழியா தெரியுது. உன் பேர எழுதி எப்டிடா இறந்தான்னு போடறது? நீஞ்சி கரைக்கு வந்துட்டான்னு எழுதிட்டேன்."

"டேய்!"

"நீ சாவாத நான் எப்டி முதிர்ச்சி அடையறது? அதனால அதுவும் எழுதல."

திட்டினேன். பெரியபாளையம் வரை திட்டினேன். காகிதத்தில் செத்தால் எனக்கு என்ன குறைந்துவிடும்? உயிரோடு இருந்து நான் எதைக் கிழித்தேன்? உன் பெண்டாட்டி பள்ளிப்பட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்காகத்தானே காத்திருக்கிறாள், மடையா, மூளை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். வேப்பிலை அம்மாள் இறங்கும்போது, "அவுரு மனசு கேக்கல, வுடுப்பா" என்றார். அவரையும் முறைத்தேன்.

அமுலுவின் போன்

பெயில் ஆனான். சூப்பர்வைசர் இடம் மேனேஜரின் மச்சானுக்குப் போனது. அந்த மச்சானுக்குக் கம்பி எகிறினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. டிகிரி இருந்தது.

அமுலு போன் செய்தாள். என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அண்ணா, அவரு சொன்னது நெஜமா? உங்கள சாவடிக்க மனசு வராமதான் பெயிலா?"

"ஆமாம்மா."

"ஏண்ணா, பேப்பர்லதான? செத்துத் தொலையக் கூடாதா? இங்க உங்க ஃப்ரெண்டோட அம்மா என்னைத் தெனம் சாவடிக்கறாங்க, நான் இன்னா கேக்கறனா?"

நியாயமான கேள்வி. அந்த வீட்டில் இருந்த ஒரே புத்திசாலி அவள்தான். பேசிவிட்டு அழுதாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தனசேகர் எழுந்து வெளியே போய்விட்டான். ஒடிசாப் பையன்கள் அவனுக்கு ஒரு பீடி கொடுத்தார்கள்.

இரண்டாம் தடவை

கால் ஆறி, அவன் ரிசல்ட்டும் வந்த பிறகு நான் அந்த ஆலையை விட்டுவிட்டேன். வழக்கம்தான். நெல்லூர் ரோட்டில் ஓடும் லாரி ஒன்றில் லோடு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் தனசேகரை உட்கார வைத்து மிரட்டினேன். நம்பி, இசக்கி, சொல்லு. நம்பி, இசக்கி, திரும்பச் சொல்லு. சொன்னான். ஒப்பித்தான். வெங்காயம் நறுக்கும்போதும் இசக்கி இறந்தான், இசக்கி இறந்தான் என்று முணுமுணுத்தான். பக்கத்து அறைப் பையன் ஒருவன் யாரோ சொந்தக்காரர் போய்விட்டார் என்று நினைத்து வந்து விசாரித்தான்.

பொங்கல் கழிந்து அடுத்த பரீட்சை வந்தது. முடிவைச் சொல்லிவிடுகிறேன். தேறினான். புதிதாக ஒரு ஷெட் கட்டினார்கள், அதற்குச் சூப்பர்வைசர் ஆனான். அமுலுவும் பெண்ணும் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார்கள். ஒரு நல்ல காரியத்துக்கு அந்த நாவல் பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

ஆனால் அந்தப் பரீட்சை நாளன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் சூளூர்ப்பேட்டையில் சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். போன் லாரி கேபினுக்குள் சார்ஜில் கிடந்தது. மதியம் முகம் கழுவிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால் வரிசையாகத் தவறிய அழைப்புகள். எல்லாமே தனசேகர். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் திருப்பி அழைத்தேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" குரல் உடைந்திருந்தது.

"லோடு எறக்கினு இருந்தேன். இன்னா ஆச்சி? பரீட்சைக்குப் போனியா இல்லியா?"

"போனேன்."

"எழுதனியா?"

"எழுதனேன்."

"பேரு?"

திருவள்ளூர் ரோட்டின் ஹாரன்கள் மட்டும் கேட்டன.

"வர்ல மாமே. பேனாவ எடுத்தா உன் பேருதான் வந்துச்சி."

"டேய், மறுபடியும் நீஞ்ச வெச்சியாடா?"

"இல்ல. சாவடிச்சிட்டேன். அமுலுவ நெனச்சிக்கினே சாவடிச்சிட்டேன். ரெண்டு பக்கம். வலை போட்டுத் தேடனாங்க, கெடைக்கலன்னு எழுதனேன். நான் கரையில நின்னு அழுதேன்னு எழுதனேன். மறுநாள் உன் செருப்பு மட்டும் ஒதுங்கிச்சின்னு எழுதனேன், அது புக்ல கூட இல்ல. வெளிய வந்து உனுக்குப் போன் போட்டா எடுக்கல. திரும்பப் போட்டேன், எடுக்கல. போட்டுக்கினே கீறேன், எடுக்கவே மாட்டேன்ற."

"உயிரோடதான்டா கீறேன். சிமென்ட் தின்னுக்கினு."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கல்யாணமாகி ஒரு பெண்ணுக்கு அப்பனான ஆள், கல்லூரி வாசலில் நின்றுகொண்டு.

"எதனா பேசு மாமே. வெச்சிடாத. கொஞ்ச நேரம் எதனா பேசினே இரு."

லாரியின் நிழலில் உட்கார்ந்து அந்த நாவலைத் திட்ட ஆரம்பித்தேன். டிரைவர் வந்து வண்டியை எடுக்கும் வரை திட்டிக்கொண்டே இருந்தேன்.